முகமலர்ச்சிச் சங்கமும் கனகசபாபதியின் வலது கண்ணும்

கொட்டாஞ்சேனையில் ஒருவர் இன்னொருவருக்கு நல்லது செய்வதற்கு ஒரு படிவம் உண்டு என்பது ஹியூபேட்டுக்கு அறுபத்திரண்டு வயதுவரை தெரியாது. துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் கப்பலில் இருந்து இறங்கிய மூட்டைகளுக்குப் புள்ளி போட்டுவிட்டுப் பென்ஷன் எடுத்தவர் அவர். வாழ்க்கையில் எத்தனையோ படிவங்களைக் கண்டவர். அப்படிப்பட்டவரே இந்த ஒன்றைக் காணாமல் விட்டார் என்றால் அது அவருடைய கவலையீனம்தான். சங்கத்தை இதில் குறை சொல்ல முடியாது.

விஷயம் ஒரு செவ்வாய்க்கிழமை தொடங்கியது. நவநாள் செபம் முடிந்து வெளியே வந்த ஹியூபேட், கோவில் படிக்கட்டில் ஒருவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டார். இடது கண்ணில் வெள்ளைப் பிளாஸ்டர். மடியில் ஒரு ஷொப்பிங் பை. நெற்றியில் திருநீறு. திருநீற்றோடு மாதா கோவில் படியில் இருக்கிற மனிதரைப் பார்த்தால் யாருக்கும் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றும்.

"எங்க போகணும், அண்ணை?"

"அதைத்தான் யோசிச்சுக் கொண்டிருக்கிறன், தம்பி" என்றார் அவர்.

பெயர் கனகசபாபதி. யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் வரைபடம் கீறி ஓய்வுபெற்றவர். போரால் தரைப்பாதை மூடிக் கிடந்த காலம் அது. கடிதத்துக்குமேல் கடிதம் கொடுத்து, அனுமதி எடுத்து, கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறிக் கொழும்புக்கு வந்திருந்தார். இரண்டு கண்ணிலும் வெண்படலம். இடது கண்ணுக்கு ஒப்பரேஷன் முடிந்துவிட்டது. வலது கண்ணுக்கு அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி நாள் கொடுத்திருந்தார்கள். இதற்கிடையில் அவர் தங்கியிருந்த ஜிந்துப்பிட்டி லொட்ஜைப் பொலிசார் இரண்டு தரம் சுற்றிவளைத்ததில், இனி வடக்கு ஆட்களே வேண்டாம் என்று முதலாளி கதவைச் சாத்திவிட்டார்.

ஹியூபேட் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அதற்குமேல் அவர் ஒன்றும் யோசிக்கவில்லை.

"ஒரு பூனைக்குட்டிய வீட்டுக்குக் கொண்டு வாறதெண்டாலும் ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கொண்டு வருவாங்க" என்று மனைவி மேபல் குசினிக்குள் அவரைப் பிடித்துக் கடித்தாள். கடித்து முடித்ததும் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய், புதிதாக ஒரு சட்டி வாங்கி வந்தாள். வீட்டில் இருந்த சட்டி எல்லாம் பன்றியும் மாடும் வெந்த சட்டி. சைவக்காரருக்கு அதில் எப்படிப் பருப்பு வைப்பது? அந்தச் சட்டிக்கு எந்தச் சங்கமும் இன்றுவரை பரிசு கொடுக்கவில்லை.

மறுநாள் பொலிசுக்குப் போய்ப் பதிந்தார்கள். வீட்டில் யார் யார், வந்தவர் யார், எதற்கு வந்தார், எப்போது போவார் என்று எழுதி, ஒரு மாதத்துக்கு அனுமதித் துண்டு கொடுத்தார்கள். துண்டு முடிவது பதினான்காம் தேதி, சனிக்கிழமை. ஒப்பரேஷன் பத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை. நடுவில் ஐந்து நாள் இடித்தது. நீட்டித் தரலாம், ஆனால் பொறுப்பான ஒருவருடைய கடிதம் வேண்டும் என்றார் சார்ஜன்ட்.

"நான் பொறுப்பு எடுக்கிறேனே" என்று ஹியூபேட் சிங்களத்தில் சொன்னார்.

சார்ஜன்ட் ஹியூபேட்டின் அடையாள அட்டையைப் பார்த்தார், பிறகு ஹியூபேட்டைப் பார்த்தார். "ஒயா நெமெயி, மஹத்தயா. லொக்கு கெனெக்" என்றார் இரக்கத்தோடு. நீங்கள் போதாது, ஒரு பெரிய மனிதர் வேண்டும் என்று அர்த்தம்.

பங்குச் சாமியார் அந்த மாதம் ரோமாபுரிக்குப் போயிருந்தார். எனவே கொட்டாஞ்சேனையில் பெரிய மனிதர் என்று மிஞ்சியவர் ஒருவர்தான். முகமலர்ச்சிக் கொடையாளர் சங்கத்தின் தலைவர், திரு. பேர்னாட் சவுந்தரநாயகம்.

சங்கத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். அது யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லை. கொடுக்கிறவர்களைத் தேடிப் பிடித்துக் கௌரவிப்பதுதான் அதன் வேலை. கொடுப்பதையும் கௌரவிப்பதையும் ஒரே சங்கம் செய்தால் குழப்பம் வரும் என்று சங்க விதிகளான யாப்பிலேயே எழுதியிருந்தது. தலைவர் சவுந்தரநாயகம் கப்பல் ஏஜென்சி வைத்திருப்பவர். அவருடைய வீட்டில் ஏழு அறைகள். ஒன்றில் அவரும் மனைவியும் இருந்தார்கள். ஒன்றில் சங்கத்தின் கேடயங்கள் தங்கியிருந்தன. மற்ற ஐந்தும் தூசி படியக்கூடாது என்று பூட்டியிருந்தன.

"கொடுக்கிறவனுக்குப் பரலோகத்தில பலன் இருக்கு எண்டு நாங்க எல்லாரும் படிச்சிருக்கிறம்" என்றார் தலைவர், ஹியூபேட்டை வராந்தாவில் நிற்கவைத்து. "ஆனா எத்தனையாம் தேதி, எத்தனை மணிக்கு, யார் தலைமையில எண்டு எங்கயாவது சொல்லியிருக்கா? இல்ல. அந்தக் குறையத்தான் எங்கட சங்கம் நிவர்த்தி பண்ணுது. நீங்க பரலோகம் போறவரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல, ஹியூபேட். பதினஞ்சாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நாலு மணி."

"சேர், எனக்குப் பரிசு ஒண்டும் வேணாம். பொலிசுக்குக் குடுக்க ஒரு லெட்டர் மட்டும்…"

"பாத்தீங்களா றொபேட்? பரிசு வேணாமாம்! இதுதான் எங்களுக்கு வேண்டிய ஆள்" என்றார் தலைவர் செயலாளரிடம்.

செயலாளர் றொபேட் இன்சூரன்ஸ் கொம்பனியில் வேலை. கையில் எப்போதும் ஒரு கிளிப் போர்ட். கடிதம் கட்டாயம் கிடைக்கும், ஆனால் சங்கத்தின் கடிதம் என்றால் சங்கத்தின் முறைப்படிதான் என்று சொல்லி, அதிலிருந்து ஒரு படிவத்தை உருவினார். முதல் கட்டம், கொடுத்தவர். இரண்டாம் கட்டம், பெற்றவர். மூன்றாவது, கொடுத்த பொருள். நாலாவது, அதனால் கொடுத்தவர் இழந்தது. ஐந்தாவது, கொடுக்கும்போது முகமலர்ச்சியின் அளவு.

நாலாவது கட்டத்தில் ஹியூபேட் 'ஒன்றுமில்லை' என்று எழுதினார். படிவம் திரும்பி வந்தது.

"ஒண்டும் இழக்காட்டி அது எப்பிடிக் கொடை?" என்று றொபேட் வீட்டுக்கே வந்து கேட்டார். "யோசிச்சுப் பாருங்க. ஏதாவது கஷ்டப்பட்டிருப்பீங்க."

ஹியூபேட் யோசித்தார். கனகசபாபதி வந்தபிறகு மாலையில் கதைக்க ஓர் ஆள் கிடைத்ததுதான் உண்மை. இருவரும் வாசலில் நாற்காலி போட்டுத் துறைமுகத்தையும் வரைபடத்தையும் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

"ஞாயிற்றுக்கிழமைப் பன்றிக் கறி நிண்டு போச்சு எண்டு போடுங்க" என்றாள் மேபல் குசினியில் இருந்து.

றொபேட்டின் முகம் மலர்ந்தது. 'மாமிச உணவைத் துறந்தார்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

அடுத்த வாரம் பரிசோதனைக் குழு வந்தது. கட்டிலைத் தட்டிப் பார்த்தார்கள். பருப்பைச் சுவைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சுவைத்துப் பார்த்தார்கள். பிறகு படம் எடுக்கத் தொடங்கினார்கள். ஹியூபேட் இடியப்பத் தட்டை நீட்ட, கனகசபாபதி இரண்டு கையாலும் வாங்க வேண்டும். ஹியூபேட்டுக்கு முன்பல் ஒன்று இல்லை. சிரித்தால் ஓட்டை தெரிந்தது. சிரிக்காவிட்டால் முகமலர்ச்சி தெரியவில்லை. பதினொரு தரம் அதே இடியப்பம் போய் வந்தது. அந்த நேரத்தில் வெயில் திரும்பிவிட்டது.

"ஐயா, வெளிச்சம் இடப்பக்கத்தால வருது. அந்தப் பிளாஸ்டரைக் கொஞ்சம் வலது கண்ணுக்கு மாத்த ஏலுமா?" என்றார் றொபேட்.

"ஒப்பரேஷன் செய்தது இடது கண்ணெல்லோ" என்றார் கனகசபாபதி.

"அது டொக்டருக்குத் தெரியும், ஐயா. படத்துக்குத் தெரியாதே."

ஹியூபேட் வேண்டாம் என்று வாய் திறப்பதற்குள் கனகசபாபதி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "பறவாயில்லை தம்பி, ஒரு நிமிசம்தானே" என்று சொல்லி, மேபல் கொடுத்த புதுப் பிளாஸ்டரை வலது கண்ணில் ஒட்டிக்கொண்டு, இடது கண்ணில் இருந்ததைக் கழற்றி, அந்தக் கண்ணை மெல்லத் திறந்தார். திறந்ததும் ஹியூபேட்டைத்தான் பார்த்தார். "உங்களுக்கு முன்பல்லு ஒண்டு இல்லை என்ன? எனக்கு இப்பதான் தெரியுது" என்றார் சந்தோஷமாக. ஹியூபேட் தன்னை மறந்து சிரித்துவிட்டார். அந்தப் படம்தான் தேறியது.

அதற்கு அடுத்தது இரகசியக் காப்பு. கொடையாளர் தம் கொடையை இடது கைக்கே தெரியாமல் செய்தார் என்று சங்கத்தில் உறுதிமொழி கொடுக்க வேண்டும். வலது கையால் கையெழுத்துப் போடும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் கைலேஞ்சியால் கட்டியிருக்க வேண்டும். இதற்கு இரண்டு சாட்சி, ஒரு படம். ஹியூபேட்டோ பிறவியிலேயே இடதுகைக்காரர். அந்தக் கையைக் கட்டியதும் எழுத முடியாமல் திணறினார். குழு முக்கால் மணித்தியாலம் கதவைச் சாத்திக்கொண்டு கூடியது. யாப்பின் தேவைக்காக மட்டும் ஹியூபேட்டின் இடது கை வலது கையாகவும், வலது கை இடது கையாகவும் கொள்ளப்படும் என்று ஏகமனதாகத் தீர்மானித்து, வலது கையைக் கட்டினார்கள். இரகசியம் காக்கப்பட்ட செய்தி அடுத்த ஞாயிறு கோவில் விளம்பரப் பலகையில் வந்தது.

ஹியூபேட் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் கலண்டரைப் பார்ப்பார். கடிதம் கிடைத்தால் போதும். மற்றக் கண்ணும் வெளித்தால் போதும்.

கடைசியாகச் சாட்சியம். பெற்றவர் மேடையில் ஏறி, தாம் பெற்றதைப் பற்றிச் சபைக்கு முன்னால் பேச வேண்டும். அதற்கு மூன்று நாள் ஒத்திகை. மூன்றாவது வசனத்தில் குரல் தளதளக்க வேண்டும், ஐந்தாவதில் அழ வேண்டும் என்று றொபேட் சொல்லிக் கொடுத்தார்.

"அழக்கூடாது எண்டு கண் ஆஸ்பத்திரியிலை சொன்னவை" என்றார் கனகசபாபதி.

"எந்தக் கண்ணுக்குச் சொன்னாங்க?"

"இடது கண்ணுக்கு."

"அப்ப வலது கண்ணால அழலாமே" என்றார் றொபேட்.

வெள்ளிக்கிழமை வந்தும் கடிதம் வரவில்லை. ஹியூபேட் தலைவர் வீட்டு வராந்தாவில் போய் நின்றார்.

"லெட்டர் ரெடி, ஹியூபேட். டைப் பண்ணி, சைன் வச்சு, என்ட மேசையிலதான் கிடக்குது."

"அப்ப தாங்க, சேர். இப்பவே கொண்டு போய் ஸ்டேஷன்ல குடுத்திடுறன். நாளையோட அவர்ட துண்டு முடியுது."

"மேடையில குடுக்க வேண்டியத இப்ப தந்தா, மேடையில என்னத்தக் குடுக்கிறது?"

"வெறும் என்வலப் ஒண்டக் குடுங்க, சேர். நான் வாங்கிக் கும்பிடுறன்."

தலைவருக்கு மெய்யாகவே மனம் நொந்துவிட்டது. "அது பொய்யில்லையா, ஹியூபேட்? கடவுளுக்கு முன்னால வெறும் என்வலப்பா? நான் இந்தச் சங்கத்தப் பன்னிரண்டு வருஷமா நேர்மையா நடத்திக்கொண்டு வாறன்." பிறகு தோளில் கை போட்டார். "பயப்பிடாதீங்க. விழாவுக்குச் சீஃப் கெஸ்ட் யார் தெரியுமா? எங்கட பொலிஸ் பொறுப்பதிகாரி, ஓ.ஐ.சி.தான். அவர்ட கையாலயே லெட்டர வாங்கப் போறீங்க. ஒரு ராத்திரியில என்ன நடந்திடப் போகுது? நான் சொல்லுறன். என்ன நம்பமாட்டீங்களா?"

ஹியூபேட் நம்பினார். மூட்டைக்குப் புள்ளி போட்ட காலத்தில் ஒரு மூட்டையையும் கையால் தொடாமல் கணக்கில் ஏற்றாத மனிதர், ஒரு பெரிய மனிதர் தோளில் கை போட்டதும் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டார்.

"லெட்டர் வருதோ இல்லையோ, நாளைக்கு நானும் அண்ணையும் ஸ்டேஷனுக்குப் போய்க் கெஞ்சிப் பாக்கிறம்" என்றாள் மேபல். ஹியூபேட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இப்போது போய்க் குழப்பினால் தலைவர் கோபித்துக்கொள்வார் என்றார்.

சனிக்கிழமை பின்னேரம் கனகசபாபதி துண்டை எடுத்து வந்து காட்டினார். "தம்பி, இது இண்டையோடை முடியுது."

"நாளைக்கு மேடையில லெட்டர் வரும், அண்ணை. ஓ.ஐ.சி. கையாலயே."

"நீங்கள் சொன்னால் சரி" என்று கனகசபாபதி அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மண்டபம் நிரம்பி வழிந்தது. ஓ.ஐ.சி.க்கு ஆளுயர மாலை. அவருக்குத் தமிழ் தெரியாது என்பதால் றொபேட் பக்கத்து நாற்காலியில் இருந்து ஒரு வார்த்தை விடாமல் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு இருந்தார். சிறப்பு விருந்தினர் தனித்து விடப்பட்டதாக உணரக்கூடாது என்பது சங்கத்தின் கவலை. முதல் பரிசு, மண்டபத்துக்கு மின்விசிறி கொடுத்த ஒருவருக்கு. கொடுத்தவரின் பெயர் மூன்று இறக்கையிலும் எழுதியிருந்தது. சுழன்றால் பெயர் தெரியாது என்று விசிறியைப் போடவில்லை. சபை வியர்த்துக்கொண்டே கை தட்டியது.

பிறகு தலைவர் பேசினார். "இது ஆரம்பம்தான். அடுத்த வருஷம் வெள்ளவத்தையில ஒரு கிளை திறக்கிறதா இருக்கிறம். வடக்கில இருந்து வாற சனம் இப்ப அங்கதான் கூட. பெறுகிறவங்க நிறைய இருந்தாத்தானே நாங்க கொடையாளரக் கௌரவிக்கலாம்! இந்தக் கஷ்ட காலத்துக்காக நாங்க ஆண்டவருக்கு நன்றி சொல்லணும்."

கனகசபாபதியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டு ஏறி, ஒலிவாங்கியைப் பார்த்துக் கும்பிட்டார். ஒத்திகையில் படித்தது ஒன்றும் அவர் வாயில் வரவில்லை.

"எனக்கு ஒரு அறை தந்தவை. பத்தடிக்கு எட்டடி. கிழக்குப் பக்கம் ஒரு யன்னல். தங்கச்சி எனக்கெண்டு ஒரு புதுச் சட்டி வாங்கினவ. தம்பி என்னோடை இருந்து கதைக்கிறவர். அவ்வளவுதான்."

இறங்கப் போனார். எந்தக் கண்ணிலும் தண்ணீர் இல்லை. முன்வரிசைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சங்கத்தின் பன்னிரண்டு வருட வரலாற்றில் இவ்வளவு வறட்சியான சாட்சியம் கேட்டதில்லை. விழா கையை விட்டுப் போகிறது என்று கண்ட தலைவர் ஒலிவாங்கியைப் பிடுங்கினார்.

"இவர் சொல்ல மறந்தத நான் சொல்லுறன்! சபையோரே, இவருக்குப் பொலிஸ் அனுமதி நேற்றோட முடிஞ்சு போச்சு! முடிஞ்சது ஹியூபேட்டுக்கும் தெரியும். தெரிஞ்சும் என்ன செய்தார்? வெளியே போ எண்டாரா? சட்டத்துக்குப் பயந்தாரா? இல்ல! நேற்று ராத்திரி இந்த மனுசன் யார் வீட்டில படுத்தார்? ஹியூபேட் வீட்டில! இதுவல்லவா கொடை!"

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிக் கைதட்டல். ஓ.ஐ.சி.யும் சிரித்துக்கொண்டு தட்டினார். றொபேட் குனிந்து, ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தார். 'நேற்றோட' என்ற இடத்தை ஓ.ஐ.சி.க்கு விளங்கவேண்டும் என்று இரண்டு தரம் சொன்னார். ஓ.ஐ.சி.யின் கை நின்றது. எந்த ஆள் என்று கேட்டார். றொபேட் கிளிப் போர்டால் சுட்டிக் காட்டினார்.

மேடையில் ஹியூபேட்டின் பெயரைக் கூப்பிட்டார்கள். யாரோ தள்ளி ஏற்றினார்கள். ஓ.ஐ.சி. நல்ல பண்பாடு தெரிந்தவர். விழாவைக் குழப்பவில்லை. சுழற்கேடயத்தையும் உறையையும் ஹியூபேட் கையில் கொடுத்து, படத்துக்குச் சிரித்து, தேநீருக்கு எல்லாரும் எழும்பும்வரை காத்திருந்து, பிறகு வாசலில் நின்ற இரண்டு கொன்ஸ்டபிள்மாரைக் கண்ணால் கூப்பிட்டார்.

ஹியூபேட் உறையைக் கிழித்தார். 'இத்தால் சகலரும் அறிவது. திருவாளர் ஹியூபேட் அவர்கள் மாமிச உணவைத் துறந்து, முகமலர்ச்சியோடும் இரகசியமாகவும்…' இரண்டு பக்கமும் தேடினார். கனகசபாபதி என்ற பெயர் எங்கேயும் இல்லை.

"சேர், இதில அண்ணையின்ட பேர் இல்லையே! இத வச்சுப் பொலிசில என்னத்தச் சொல்லுறது?"

தலைவர் கேக் துண்டை விழுங்கிவிட்டுச் சொன்னார். "பெற்றவங்களுக்குச் சங்கம் லெட்டர் குடுக்கிறதில்ல, ஹியூபேட். யாப்பில இடமில்ல. நீங்க கேட்டது லெட்டர். தந்தது லெட்டர்."

"சேர்தானே பயப்பிடாதீங்க எண்டு சொன்னது? உங்கள நம்பித்தானே நான் நேற்றுப் போகாம இருந்தன்?"

"உங்களுக்கு ஒண்டும் நடக்கல்லையே" என்றார் தலைவர் வியப்போடு. "அவர் இப்ப அரசாங்கத்தின்ட விருந்தாளி. அங்கயும் சாப்பாடு குடுப்பாங்க."

வாசலில் கனகசபாபதி ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார். அவர் கையில் யாரோ கொடுத்த பற்றிஸ் தட்டு இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்து, மதில் மேல் பக்குவமாக வைத்துவிட்டு ஏறினார். ஹியூபேட் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஜீப் போய்விட்டது. மேபல் கேடயத்தை வாங்கிக் கமக்கட்டில் வைத்துக்கொண்டாள். ஹியூபேட்டுக்கு வெட்கத்தில் உடம்பு எரிந்தது. தன்னை ஏமாற்றியது ஒரு பக்கம் இருக்கட்டும், தன்னை நம்பிய மனிதரை மேடைவரை கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியது யார்?

திங்கட்கிழமை காலையில் மேபல் புதுச் சட்டியில் சோறும் பருப்பும் கட்டிக் கொடுத்தாள். பொலிஸ் நிலையத்தில் அதே சார்ஜன்ட்.

"உங்களையும் உள்ளே போட்டிருக்க வேண்டும். துண்டு முடிந்த ஆளைத் தெரிந்துகொண்டே வைத்திருந்தால் அது குற்றம்" என்றார் சிங்களத்தில். "ஆனால் கிழவருடைய வாக்குமூலத்தால் தப்பினீர்கள்." கோப்பைத் திறந்து வாசித்துக் காட்டினார். "வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. மாத முடிவுவரை அனுமதி நீட்டியாயிற்று என்று நான் அவருக்குப் பொய் சொன்னேன். மேடையில் தலைவர் சொன்னது பிழை. உண்மை தெரிந்திருந்தால் அவர் அப்போதே என்னை வெளியே அனுப்பியிருப்பார்." அடியில் வரைபடக்காரரின் அழகான கையெழுத்து.

"அது பொய்" என்று சொல்ல ஹியூபேட் வாயைத் திறந்தார். சொன்னால் தானும் உள்ளே. மேபல் தனியே. ஆனால் வாயை மூடியதற்கு அது மட்டும் காரணமில்லை. அவருக்குப் பயமாக இருந்தது. அதை அவரே பிறகு மேபலிடம் ஒப்புக்கொண்டார்.

உள்ளே மர வாங்கில் கனகசபாபதி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கொன்ஸ்டபிள். ஹியூபேட் சட்டியை நீட்டி, "அண்ணை" என்றார். கனகசபாபதி நிமிர்ந்து பார்த்துவிட்டு, பழக்கமில்லாத ஆளைப் பார்த்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இவர் உனக்கு யார்?" என்று கொன்ஸ்டபிள் அரைகுறைத் தமிழில் கேட்டார்.

"வீட்டுக்காரர். வேறை ஒண்டும் இல்லை." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு ஹியூபேட்டைப் பார்க்காமலே குரலைத் தாழ்த்தி, "கண்ணுக்கு விடுற மருந்து யன்னலடியிலை கிடக்கு எண்டு வீட்டிலை சொல்லிவிடுங்கோ" என்றார்.

ஹியூபேட் ஓடிப்போய் மருந்தை எடுத்து வந்து கொடுத்தார். அது உள்ளே போனதா என்று தெரியாது. பத்தொன்பதாம் தேதி வந்து போனது. ஆஸ்பத்திரியில் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். பிடித்துப் பதினோராம் நாள் கனகசபாபதியைத் திருகோணமலைக்கு அனுப்பிக் கப்பல் ஏற்றினார்கள். ஒரு மாதம் கழித்து ஒரு தபால் அட்டை வந்தது. 'பத்திரமாக வந்து சேர்ந்தேன். இடது கண் நன்றாகத் தெரிகிறது. தங்கச்சிக்கும் சொல்லவும்.' வலது கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சங்கத்தின் மலரும் வந்தது. முதல் பக்கத்தில் ஹியூபேட் ஓட்டைப்பல் தெரியச் சிரித்துக்கொண்டு இடியப்பம் கொடுக்கிறார். வாங்குகிறவரின் வலது கண்ணில் வெள்ளைப் பிளாஸ்டர். பார்க்கிற எவரும் வலது கண்ணுக்கு வைத்தியம் ஆகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

ஒரு வருடம் முடிந்ததும் றொபேட் வந்தார். சுழற்கேடயத்தை மினுக்கித் திருப்பித் தரவேண்டுமாம். சென்ற வருடத்து வெற்றியாளர் என்ற முறையில் இந்த வருடத்துக்கு ஒருவரைச் சிபாரிசு செய்யவும் வேண்டுமாம். படிவத்தை மேசையில் வைத்துவிட்டு, பருப்பு இருக்கிறதா என்று கேட்டார். மேபல் இல்லை என்றாள்.

ஹியூபேட் அன்று முழுக்க அந்தப் படிவத்துக்கு முன்னால் இருந்தார். பிறகு எழுதினார். கொடுத்தவர், கனகசபாபதி. பெற்றவர், ஹியூபேட். கொடுத்த பொருள், ஒரு பொய். அதனால் கொடுத்தவர் இழந்தது, வலது கண். முகமலர்ச்சியின் அளவு என்ற இடத்தில் 'தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்' என்று எழுதி, ஒரு கையையும் கட்டாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

ஒரு வாரத்தில் படிவம் திரும்பி வந்தது. மேலே றொபேட் சிவப்பு மையில் எழுதியிருந்தார். 'கொடுத்தவர், பெற்றவர் பெயர்கள் தவறுதலாக இடம் மாறியுள்ளன. திருத்தி, புகைப்படத்துடன் மீண்டும் அனுப்பவும்.'

மேபல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாசித்தாள். "திருத்திக் குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டாள்.

ஹியூபேட் படிவத்தை வாங்கி முதல் இரண்டு கட்டத்தையும் விரலால் தொட்டு, மூட்டைக்குப் புள்ளி பார்ப்பதுபோல மெல்லச் சரிபார்த்தார்.

"இல்ல, மேபல். சரியாத்தான் இருக்குது."